ஏசி மெக்கானிக் ஒருவர் கல்லூரி இயற்கணிதம் கற்ற பருவம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் பட்டப்படிப்பை நோக்கிச் செல்லும் பலரைத் தடுத்து நிறுத்தும் பாடம் ‘காலேஜ் அல்ஜீப்ரா’. டெக்சஸ் மாநிலப் பொதுக் கல்லூரிகளில் இதன் பாட எண் 1314. இருபடிச் சமன்பாடுகள், சார்புகள், பல்லுறுப்புக்கோவைகள், விகிதமுறு சார்புகள், அடுக்குக்குறியும் மடக்கையும், சமன்பாட்டுத் தொகுதிகள் ஆகியவை இதில் வரும். நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை பரந்து கிடக்கும் பகுதிகள் இங்கே 16 வாரத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கும்.

மாணவர் முப்பத்தொன்பது வயதுக்காரர். பள்ளிப் படிப்பு முடித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஏசி பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் தொழில். குளிர்பதன வாயுவைக் கையாள அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கேட்கும் 608 சான்றிதழ் வைத்திருந்தார். இயந்திரவியல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு மாற வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு 1314-இல் குறைந்தது ‘சி’ தரம் தேவை. பின் முக்கோணவியல் காத்திருந்தது.

சேர்க்கைக்கு முன் எழுதிய மாநிலத் தகுதித் தேர்வான டிஎஸ்ஐஏ 2-இல் அவர் எடுத்தது 938. கணிதத்தில் 950 எடுத்தால் கல்லூரிப் பாடத்துக்குத் தயார் என்று கொள்வார்கள். அதற்குக் கீழே இருப்பவர்களை முன்பெல்லாம் ஓரிரு பருவங்கள் அடிப்படை வகுப்பில் உட்கார வைப்பார்கள். பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். 2017-இல் டெக்சஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய எச்.பி. 2223 சட்டத்துக்குப் பின், அடிப்படை உதவி வகுப்பையும் கல்லூரிப் பாடத்தையும் ஒரே பருவத்தில் இணைத்து நடத்தும் முறை வந்தது. இவரும் அப்படித்தான் சேர்ந்தார்: வாரம் மூன்று மணி நேரம் முதன்மை வகுப்பு, இரண்டு மணி நேரம் உதவி வகுப்பு.

மதிப்பெண் கணக்கு இது: நான்கு தேர்வுகள், ஒவ்வொன்றும் 15 விழுக்காடு, இணைய வீட்டுப்பாடம் 10, இறுதித் தேர்வு 30. இறுதித் தேர்வு மதிப்பெண் கூடுதலாக இருந்தால், நான்கில் மிகக் குறைந்ததன் இடத்தில் அது வைக்கப்படும். பின்னால் எடுத்த முடிவு ஒன்றுக்கு இந்த விதி முக்கியக் காரணம்.

(இக்கட்டுரையில் மாறியை ‘ய’ என்று குறித்திருக்கிறோம்.)

முதல் தேர்வு வரை

பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கியது. டெக்சஸ் வெயிலில் ஏசி மெக்கானிக்குக் கூடுதல் நேர வேலை உச்சத்தில் இருக்கும் காலம் அது. வீட்டுப்பாடத்தை இரவு பத்து மணிக்கு மேல், பெரும்பாலும் கைபேசியிலேயே செய்தார். காகிதம் எடுப்பது அரிது.

வீட்டுப்பாட மதிப்பெண் 94 விழுக்காடு. முதல் தேர்வில் வந்தது 100-க்கு 52.

இந்த இடைவெளியைக் கண்டதும் ‘தேர்வு பயம்’ என்று முடிவுகட்டுவது எளிது. அவரும் அப்படித்தான் நம்பினார். ஆனால் வீட்டுப்பாட மென்பொருளில் அவர் வேலை செய்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கணக்கு திரையில் வந்தவுடன் ‘இதே போன்ற எடுத்துக்காட்டு’ என்ற பொத்தானை அழுத்துவார். எடுத்துக்காட்டின் ஒவ்வொரு வரியிலும் எண்களை மட்டும் மாற்றிப் போடுவார். தவறானால் மறுமுயற்சிக்கு வரம்பில்லை. அடுத்த வரி என்னவாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையை அவர் ஒருமுறைகூடச் செய்யவில்லை. தேர்வில் கேட்கப்படுவது அந்த ஒன்றுதான்.

விடைத்தாளில் கண்டது

கல்லூரியின் கற்றல் மையத்துப் பயிற்றுநர் விடைத்தாளை வரி வரியாகப் பிரித்து, இழந்த 48 மதிப்பெண்களைக் காரணவாரியாக எழுதினார். குறி தவறியதில் 17. பின்னத்தில் 14. இருபடி விரிவில் 6. கிடைத்த விடையைச் சரிபார்க்காததில் 6. பருவத்தின் புதிய பாடமே புரியாததால் போனது 5 மட்டும்.

அதாவது 43 மதிப்பெண்கள் பள்ளிக்காலப் பழக்கங்களால் போயிருந்தன. கல்லூரி இயற்கணிதத்தில் தடுமாறும் வயது வந்த மாணவர்களிடம் இதை அடிக்கடி காணலாம். இப்படி எண்ணிக் காட்டாத வரை ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற ஒற்றை வாக்கியமாகவே அது அவர்கள் மனத்தில் நிற்கும்.

அடுத்ததாகத் தவறிய கணக்குகளையே மறுபடி கொடுத்து, எங்கே தவறு என்று சொல்லாமல், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னார். கவனப்பிசகு எது, தவறான நம்பிக்கை எது என்று பிரிக்க இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

குறித் தவறுகள் பெரும்பாலும் கவனப்பிசகு. 5 − 2(ய − 3) என்பதை 5 − 2ய − 6 என்று எழுதியிருந்தார். நிறுத்தி நிதானமாகக் கேட்டால் + 6 என்று சரியாகவே சொன்னார். அடைப்பை நீக்குவது, எண்களைச் சேர்ப்பது, மறுபக்கம் கொண்டுபோவது என்று மூன்று வேலைகளை ஒரே வரியில் செய்ததுதான் சிக்கல்.

பின்னத் தவறுகள் அப்படியல்ல. (ய + 6)/6 என்பதில் மேலும் கீழும் இருக்கும் 6-ஐ வெட்டி ‘ய’ என்று எழுதினார். ஏன் என்று கேட்டபோது, “மேலேயும் கீழேயும் ஒரே எண் இருந்தால் வெட்டலாம்” என்று உறுதியாகச் சொன்னார். நிதானமாகச் செய்தாலும் அதே விடைதான் வரும். இன்னொன்று: 2/ய + 3/(ய + 1) என்பதைச் சுருக்கச் சொன்னால், பகுதிகளால் (பின்னத்தில் கீழே உள்ளவற்றால்) பெருக்கி 5ய + 2 என்று முடித்துவிடுவார். பகுதி எங்கே போனது என்று கேட்டால், “சமன்பாட்டில் அப்படித்தானே நீக்குவோம்” என்றார். கோவைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு அவர் மனத்தில் இல்லை.

சமக்குறியிலேயே கோளாறு இருந்தது. வேலைக் குறிப்பேட்டில் எழுதுவது போல 3 × 4 = 12 + 5 = 17 என்று தொடர்ச்சியாக எழுதினார். ‘=’ என்றால் ‘இதோ விடை’ என்று அவர் படித்துவந்திருக்கிறார். இரு பக்கமும் ஒரே மதிப்பு என்று படிக்காதவருக்கு, இரு பக்கமும் ஒரே செயலைச் செய்ய வேண்டும் என்ற விதி காரணமில்லாத கட்டளையாகவே இருக்கும்.

இவற்றுக்கு நடுவே ஒரு நல்ல அறிகுறியும் தெரிந்தது. காற்றோட்டத்தின் வெப்பக் கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு: மணிக்கு வெப்ப அளவு = 1.08 × நிமிடத்துக்குக் கன அடி × பாரன்ஹீட் வேறுபாடு. 1,200 கன அடி காற்றோட்டத்தில் 25,920 பிடியு (வெப்ப அலகு) கிடைக்க வேறுபாடு எவ்வளவு வேண்டும் என்றால், 1,296-ஆல் வகுத்து 20 டிகிரி என்று உடனே சொல்வார். அதே சூத்திரத்தை எழுத்துகளில் கொடுத்து ஓர் எழுத்தைத் தனிமைப்படுத்தச் சொன்னால் பேனா நின்றுவிடும். செயல்களைத் தலைகீழாக்கும் அறிவு அவரிடம் இருந்தது; எண்ணில்லாமல் அதைச் செய்யும் துணிவுதான் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் கேள்வி, பாடத்தைக் கைவிடுவதா தொடர்வதா என்பது. டெக்சஸ் பொதுக் கல்லூரிகளில், மாணவர் எண்ணிக்கையை முறைப்படி பதியும் கணக்கெடுப்பு நாளுக்குப் பின் கைவிட்டால் அது பதிவில் நிற்கும். இளநிலைப் படிப்பு முழுவதுக்கும் ஆறு பாடங்களுக்கு மேல் கைவிட முடியாது. நிதியுதவியும் முடித்த பாடங்களின் விகிதத்தைப் பார்க்கும். மறுபக்கம், 52-ஐ இறுதித் தேர்வு மாற்றிவிடக்கூடும். இழப்பின் பெரும்பகுதி பழைய பழக்கங்களால் என்று தெரிந்தபின், தொடர்வது என்று முடிவானது.

இரண்டாவது, பழைய பாடங்களை முதலிலிருந்து நடத்துவதில்லை என்பது. அதற்கு நேரமும் கிடையாது. தனியே பயின்ற பின்னக் கணக்கு பின்னக் கணக்காகவே தங்கிவிடும், விகிதமுறு சார்பில் வந்து உதவாது. பதிலாக, உதவி வகுப்பின் முதல் அரை மணி நேரத்தை அடுத்த வாரப் பாடத்துக்குத் தேவையான பழைய திறனுக்கு மட்டும் ஒதுக்க ஆசிரியர் ஒப்புக்கொண்டார். விகிதமுறு சார்புக்கு முன் காரணிப்படுத்தல், மடக்கைக்கு முன் அடுக்கு விதிகள் என்று. அதுவரை அந்த வகுப்பு, முதன்மை வகுப்பில் நடந்ததையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, எழுதும் முறை. ஒரு வரிக்கு ஒரு செயல். அடைப்புக்கு முன் கழித்தல் குறி இருந்தால் விரித்த வரி தனியே நிற்க வேண்டும். கணக்கைத் தொடங்குமுன் கேள்வியில் சமக்குறி இருக்கிறதா என்று பார்த்து, ‘கோவை’ அல்லது ‘சமன்பாடு’ என்று மேலே எழுத வேண்டும். கோவை என்றால் பகுதி கடைசி வரி வரை கூடவே வரும். வெட்டுமுன், மேலே உள்ளது கூட்டலா பெருக்கலா என்று பார்க்க வேண்டும். பெருக்கல் காரணியை மட்டுமே வெட்டலாம்.

நான்காவது, தவறான நம்பிக்கைகளை எண் போட்டு உடைப்பது. விதியை மறுபடி சொல்வதால் இவை மாறுவதில்லை; தன் கையால் போட்ட எண் பொய்க்கும்போதுதான் மாறுகின்றன. எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். (ய + 3)² = ய² + 9 என்ற தவறை 0 போட்டுச் சோதித்தால் இருபக்கமும் 9 வந்து, தவறு சரி என்று உறுதியாகிவிடும். 1 போட்டால் அடுக்குகள் வேலை செய்வது தெரியாது. 2-ம் வேண்டாம், 2 + 2-ம் 2 × 2-ம் 2²-ம் ஒன்றே. அதனால் 10 என்று வைத்துக்கொண்டார்கள்: 13² = 169, மறுபக்கம் 109. (10 + 6)/6 என்பது 16/6, ‘வெட்டினால்’ 10. அன்றோடு அந்த விதியை அவர் விட்டார்.

ஐந்தாவது, தவறேடு. தவறிய வரியை அப்படியே படியெடுத்து, கீழே ஏன் தவறு என்று தன் சொற்களில் ஒரு வாக்கியம், பிறகு சரியான வரி. மூன்று நாள் கழித்து அதே வகையில் புதிய கணக்கு ஒன்று. ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு ஏட்டில் இடமில்லை. என்ன செய்தேன் என்று எழுத வேண்டும்.

ஆறாவது, வீட்டுப்பாடம். காகிதத்தில் முதலில். பத்து நிமிடம் எடுத்துக்காட்டுப் பொத்தானைத் தொடக்கூடாது. உதவியோடு முடித்த கணக்குக்கு ஒரு புள்ளி வைத்து, மறுநாள் அதே வகைக் கணக்கை உதவியின்றிச் செய்ய வேண்டும்.

கால்குலேட்டரிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. டிஐ-84-இல் −3² என்று அழுத்தினால் −9 வரும். அடுக்கு முதலில், குறி பிறகு. குறை எண்ணைப் பிரதியிடும்போதெல்லாம் அடைப்போடு (−3)² என்று அழுத்துவது பழக்கமாக்கப்பட்டது. காகிதத்திலும் அதேதான்.

இரண்டாம் தேர்வு: சார்புகள்

ச(ய) = ய² − 3ய என்ற சார்புக்கு ச(ய + த) எழுதச் சொன்னால் ய² − 3ய + த என்று எழுதினார். சார்பு என்பது ஒரு கோவையின் பெயர் என்றும், அடைப்புக்குள் கூடுதலாக வந்ததைக் கடைசியில் சேர்த்தால் போதும் என்றும் எடுத்துக்கொண்டிருந்தார்.

வெற்று அடைப்பு முறை இதைத் தீர்த்தது. ச(  ) = (  )² − 3(  ) என்று எழுதிவிட்டு, எல்லா அடைப்பிலும் ஒரே பொருளை இடுவது. அப்போது (ய + த)² − 3(ய + த) கிடைக்கும். விரித்து, ச(ய)-ஐக் கழித்து, த-ஆல் வகுத்தால் 2ய + த − 3. இரு வாரம் முன்பு உடைந்த இருபடி விரிவு இங்கே கைகொடுத்தது.

மதிப்பகம், வீச்சகம், நேர்மாறு ஆகியவற்றுக்கு அவர் தொழிலே பாடநூலானது. குளிர்பதன வாயுவின் அழுத்த–வெப்பநிலை அட்டவணை எப்போதும் அவர் வண்டியில் இருக்கும். ஆர்-410ஏ வாயுவுக்கு 118 பிஎஸ்ஐ என்றால் ஏறத்தாழ 40 டிகிரி பாரன்ஹீட். ஓர் அழுத்தத்துக்கு ஒரே வெப்பநிலை, அது சார்பு. அட்டவணை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அது மதிப்பகம். வெப்பநிலையிலிருந்து அழுத்தம் பார்ப்பது நேர்மாறு. பாரன்ஹீட்டும் செல்சியஸும் அப்படியே: 9/5-ஆல் பெருக்கி 32 கூட்டுவது ஒரு திசை, 32 கழித்து 5/9-ஆல் பெருக்குவது எதிர்த்திசை. இரண்டு சூத்திரங்களையும் பல ஆண்டுகளாக மனப்பாடமாக வைத்திருந்தவர், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது என்பதை அன்றுதான் கண்டார். நேர்மாறு காணும் கணக்குகளில் பிறகு அவர் தவறவே இல்லை.

மின்விசிறி விதிகளும் உதவின. வேகம் 80 விழுக்காடானால் காற்றோட்டம் 80, அழுத்தம் வர்க்கமாக 64, திறன் முப்படியாக 51.2 விழுக்காடு. திறனைப் பாதியாக்க வேகம் என்ன என்பது முப்படி மூலக் கணக்கு: ஏறத்தாழ 79.4 விழுக்காடு.

ஆனால் தொழில் எடுத்துக்காட்டுகளுக்கு எல்லை உண்டு. காரணிப்படுத்தலுக்கும் விகிதமுறு கோவைக்கும் ஏசி வேலையில் இயல்பான இணை எதுவும் இல்லை. அங்கே வலிந்து ஒன்றை உருவாக்க ஒருமுறை முயன்றதில், கதையைப் புரிந்துகொள்வதிலேயே நேரம் போனது. கைவிடப்பட்டது சரியே.

இரண்டாம் தேர்வில் 61. குறித் தவறுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆனால் மூன்று கேள்விகள் தொடப்படவே இல்லை. ஒவ்வொரு வரியையும் எண் போட்டுச் சோதித்ததில் 75 நிமிடம் தீர்ந்துவிட்டது. வீட்டில் கற்பதற்கான சோதனையைத் தேர்வறைக்குள் அப்படியே கொண்டுபோகக் கூடாது. தேர்வில் சோதனை மூன்று இடத்தில் மட்டும் என்று விதி சுருக்கப்பட்டது: வர்க்கமூலச் சமன்பாடு, பகுதியில் மாறி உள்ள சமன்பாடு, மடக்கைச் சமன்பாடு. இம்மூன்றிலும் பொருந்தாத தீர்வு முளைக்கக்கூடும் என்பதால் அங்கே சோதனை கணக்கின் ஒரு பகுதி.

எடுத்துக்காட்டாக √(ய + 7) = ய − 5. முதல் தேர்வில் வலப்பக்கத்தின் வர்க்கத்தை ய² + 25 என்று எழுதி, தன்மைகாட்டி குறை எண்ணாக வர, ‘மெய்த்தீர்வு இல்லை’ என்று முடித்திருந்தார். சரியாக விரித்தால் ய² − 11ய + 18 = 0; தீர்வுகள் 9, 2. பிரதியிட்டால் 9 பொருந்தும். 2-ஐ இட்டால் ஒரு பக்கம் 3, மறுபக்கம் −3.

மூன்றாம், நான்காம் தேர்வுகள்

செப்டம்பர் கடந்ததும் கூடுதல் நேர வேலை குறைந்தது. வேலைக்குக் கிளம்புமுன் தினமும் பதினைந்து நிமிடம், தவறேட்டிலிருந்து மட்டும் கணக்குகள். மூன்றாம் தேர்வில் 74.

நான்காம் தேர்வுக்குத் தயாரானபோது மடக்கை (அ + ஆ) = மடக்கை அ + மடக்கை ஆ என்று எழுதினார். அதைத் தவறேட்டில் பதியும்போது பழைய பக்கங்களைப் புரட்டச் சொன்னார் பயிற்றுநர். (அ + ஆ)² = அ² + ஆ² என்று ஒரு பக்கம். √(9 + 16) = 3 + 4 என்று ஒரு பக்கம். 1/(2 + 3) = 1/2 + 1/3 என்று ஒரு பக்கம். நான்கும் ஒரே தவறு: பெருக்கலுக்கு மட்டும் உரிய பங்கீட்டை எல்லாச் செயல்களுக்கும் கொடுத்துவிடுவது. நான்கு இடத்தில் நான்கு விதி மறந்தவராகத் தன்னை எண்ணியிருந்தவருக்குத் திருத்த வேண்டியது ஒன்றுதான் என்று தெரிந்தது. இந்த ஆய்வில் மற்ற ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ள ஒன்றே ஒன்று உண்டு என்றால் அது இந்தப் பக்கம்தான். தவறுகளைப் பாடவாரியாகத் திருத்தினால் இந்த உறவு யார் கண்ணிலும் படாது.

தேர்வில் 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை ய + மடக்கை (ய − 2) = 3 என்ற கணக்கில் 4, −2 என்று வந்ததும், கேட்காமலே −2-ஐ அடித்துவிட்டு, குறை எண்ணுக்கு மடக்கை இல்லை என்று பக்கத்தில் எழுதியிருந்தார். மதிப்பெண் 70. சமன்பாட்டுத் தொகுதிகளுக்குப் போதிய பயிற்சி இல்லாததால் அதில் இழந்தார்.

விளைவு

இறுதித் தேர்வில் 78. அது முதல் தேர்வின் 52-ஐ மாற்றியது. நான்கு தேர்வுகளின் பங்கு 42.45, வீட்டுப்பாடம் 92 விழுக்காட்டுக்கு 9.2, இறுதித் தேர்வுக்கு 23.4, மொத்தம் 75.05. ‘சி’ தரம். வீட்டுப்பாட மதிப்பெண் சற்றே குறைந்ததையும் தேர்வு மதிப்பெண் ஏறியதையும் சேர்த்தே படிக்க வேண்டும்; உதவியின்றிச் செய்யத் தொடங்கியதன் விலை அது.

இறுதித் தேர்விலும் பின்னத்தில் மதிப்பெண் போனது. வெட்டும் தவறு மறைந்திருந்தது. ஆனால் பின்னங்களைக் கழிக்கும்போது, இரண்டாம் பின்னத்தின் தொகுதி (மேலே உள்ளது) முழுவதற்கும் குறியை மாற்றாத தவறு இரண்டு கணக்குகளில் இருந்தது. அந்தத் தொகுதியை அடைப்புக்குள் எழுதும் பழக்கம் இன்னும் கைக்கு வரவில்லை.

என்ன மாற்ற வேண்டும்

விடைத்தாளைக் காரணவாரியாகப் பிரிக்கும் வேலை முதல் தேர்வு வரை காத்திருக்க வேண்டியதில்லை. டிஎஸ்ஐஏ 2-இல் 950-க்குக் கீழே எடுத்தவர்களுக்கு ஒரு பகுப்புத் தேர்வும் உண்டு. ஆனால் அது நிலையைச் சொல்லும், வரியைக் காட்டாது. முதல் வாரமே பத்துக் கணக்குகளைக் காகிதத்தில் செய்யச் சொல்லி, வாய்விட்டு விளக்கச் சொன்னால் ஐந்து வாரம் மிச்சம்.

வெயில் காலத்தில் உழைப்பு கூடும் தொழிலில் இருப்பவர் இந்தப் பாடத்தை ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் எடுப்பது நல்லது. ஆலோசகர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை என்று கேட்கிறார்கள். எந்த மாதத்தில் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

உதவி வகுப்பின் அரை மணி ஏற்பாடு ஒரு மாணவருக்காகத் தொடங்கி வகுப்பு முழுவதுக்கும் நடந்தது. பருவத் தொடக்கத்திலேயே பாடத்திட்டத்தில் எழுதிவைத்தால் அது ஆசிரியரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருக்காது.

டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே சில வாரங்கள் வகுப்பு இல்லை. முக்கோணவியலில் முற்றொருமைகளை நிறுவும்போது பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும் மறுபடி வரும். இவருக்கு விடுமுறைக்காகக் கொடுக்கப்பட்டது வாரம் ஆறு கணக்குகள். ஆறும் பின்னக் கழித்தல், இரண்டாம் தொகுதியை அடைப்புக்குள் எழுதியபின்தான் அடுத்த வரி.